எடுக்கும்போதும் கொடுக்கும்போதும்

1968-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி கேப் டவுன் நகரத்தின் க்ரூட்டே ஸ்கூர் ஆஸ்பத்திரியில் கிறிஸ்டியன் பர்னார்ட் தம்முடைய இரண்டாவது இதய மாற்று அறுவையைச் செய்தார். இதயத்தைப் பெற்றவர் ஃபிலிப் ப்ளைபெர்க், ஓய்வு பெற்ற பல் வைத்தியர், வெள்ளையர். இதயம் க்ளைவ் ஹாப்ட் என்ற 24 வயதுத் தொழிலாளியுடையது. புத்தாண்டு நாளில் கடற்கரையில் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு விழுந்தவர். தென்னாப்பிரிக்கச் சட்டம் அவரைக் 'கலப்பினத்தவர்' என்று பதிவு செய்திருந்தது. அவர் ஏறிய ரயில் பெட்டி, குடியிருக்கக் கூடிய தெரு, நோய் வந்தால் படுக்கக் கூடிய வார்டு எல்லாவற்றுக்கும் அந்த நாட்டில் சட்டப்படி ஒரு நிறம் உண்டு. ஹாப்ட் பதிவாகியிருந்த கூட்டத்தில் ப்ளைபெர்க் மாதிரி ஒருவர் பெண்ணெடுக்க முடியாது என்று 1949-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். இதயத்தை எடுக்கக் கூடாது என்று மட்டும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குடும்பத்தார் சம்மதம் தந்தார்கள். ப்ளைபெர்க் அந்த இதயத்தோடு 19 மாதங்கள் வாழ்ந்தார்.

அதே வருஷம் மே 24-ந் தேதி, அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில், ப்ரூஸ் டக்கர் என்ற 54 வயதுக் கறுப்பர் ஒரு மதில்மேலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். முட்டைகளைப் பெட்டியில் அடைக்கும் ஆலையில் வேலை அவருக்கு. மறுநாள் வர்ஜீனியா மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் அவருடைய இதயம் ஜோஸஃப் க்லெட் என்ற வெள்ளை வியாபாரியின் மார்புக்குள் வைத்துத் தைக்கப்பட்டது. இங்கே சம்மதம் தர உறவினர் யாரும் கிடைக்கவில்லை என்றார்கள். டக்கரின் சகோதரர் வில்லியம் அதே ஊரில் செருப்புத் தைக்கும் கடை வைத்திருந்தார். உடம்பில் இதயம் இல்லை என்பதைக் குடும்பத்துக்குச் சொன்னவர் சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்தவர். க்லெட்டும் ஒரு வாரத்தில் இறந்துபோனார். வில்லியம் வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடிய டக்ளஸ் வைல்டர் என்ற இளம் கறுப்பு வக்கீல் பின்னாளில், 1990-ல், அந்த மாநிலத்தின் கவர்னரானார். 1972-ல் ஜூரி டாக்டர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டப் புத்தகங்களில் இந்த வழக்கு 'மூளைச் சாவு' என்ற கருத்துக்குக் கிடைத்த ஆரம்ப வெற்றிகளில் ஒன்றாக இடம் பெற்றிருக்கிறது. அந்த மூளை யாருடையது என்பது அங்கே ஒரு துணைச் செய்தி.

இந்த இரண்டு இதயங்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக் கூடாதுதான். ஒன்று கேட்டு எடுத்தது, மற்றது கேட்காமல் எடுத்தது. ஆனால் இரண்டு அறுவைகளிலும் கத்தியைப் பிடித்தவர்கள் ஒரு விஷயத்தில் சந்தேகமில்லாமல் இருந்தார்கள்: கறுப்பு உடம்பிலிருந்து எடுத்த இதயம் வெள்ளை உடம்பில் அதே மாதிரி துடிக்கும். வால்வு நான்கு, அறை நான்கு. ரத்த வகை சரியாக இருந்தால் போதும். எடுக்கும்போது இதயத்திற்கு நிறமில்லை. அதே இதயத்துக்கு வைத்தியம் கொடுக்க வேண்டி வரும்போது நிறம் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொள்கிறது. அமெரிக்க இதய வைத்தியத்தின் சரித்திரத்தை இந்தக் கோணத்திலிருந்து படித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. இதயத்தை வைத்து நம் கவிஞர்கள் செய்யாத அட்டூழியம் இல்லை. மனிதரெல்லோருக்கும் அது ஒன்றே என்ற வரி இல்லாத தொகுப்பு கிடையாது. உடற்கூறு சாஸ்திரம் அதை ஒப்புக்கொள்கிறது. ஆஸ்பத்திரி ரிஜிஸ்தர் ஒப்புக்கொள்ளவில்லை.

இதயத்தைத் தொட்டவர்களிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1944 நவம்பர் 29-ந் தேதி பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஐலீன் சாக்ஸன் என்ற பெண் குழந்தைக்கு அறுவை நடந்தது. பிறவியிலேயே இதயக் கோளாறு. நுரையீரலுக்குப் போதுமான ரத்தம் போகாமல் உதடும் நகமும் நீலம் பாரித்துப் போகும் 'நீலக் குழந்தை'. குழந்தை இதய வைத்தியரான ஹெலன் டாஸிக்குக்கு நுரையீரலுக்கு வேறு வழியில் ரத்தத்தைக் கொண்டுபோகலாமே என்ற யோசனை இருந்தது. அறுவை செய்தவர் ஆல்ஃப்ரெட் ப்ளாலக். கைக்குப் போகும் ரத்தக் குழாயை வெட்டித் திருப்பி, நுரையீரலுக்குப் போகும் குழாயோடு தைப்பது. வயது வந்தவர்களின் குழாயைத் தைப்பதற்கே அப்போது சரியான ஊசி கிடையாது. இங்கோ குழந்தையின் குழாய், தீக்குச்சிப் பருமன். ப்ளாலக்குக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, தையல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரு கறுப்பர். பெயர் விவியன் தாமஸ். டாக்டர் பட்டம் மட்டுமல்ல, கல்லூரிப் பட்டமே அவருக்குக் கிடையாது.

தாமஸ் 1910-ல் லூசியானாவில் பிறந்து டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரில் வளர்ந்தவர். தச்சு வேலை தெரியும். வைத்தியக் கல்லூரிக்குப் போகச் சேர்த்து வைத்திருந்த பணம் பொருளாதார மந்தத்தில் வங்கி திவாலானபோது போயிற்று. 1930-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ப்ளாலக்கின் சோதனைச் சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நாய்களுக்கு அறுவை செய்வது, ரத்தத்தில் வாயு எவ்வளவு என்று அளப்பது, குறிப்பெடுப்பது என்று ஆராய்ச்சிக்காரனுடைய வேலை அத்தனையும் அவர் செய்தார். சம்பளப் பட்டியலில் அவர் கூட்டிப் பெருக்குகிறவர். ப்ளாலக் 1941-ல் ஹாப்கின்ஸுக்குப் போனபோது தாமஸையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்த முதல் கறுப்பராக அவரை ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு நிறவாரியாக வார்டு. நீலக் குழந்தையின் நோயை நாய்களில் உண்டாக்கி, பிறகு அதைத் தீர்க்கும் அறுவையைச் செய்து பார்த்து, அதற்கு வேண்டிய ஊசிகளையும் கிடுக்கிகளையும் தானே வளைத்துச் செய்தவர் தாமஸ். அந்த அறுவையை ப்ளாலக்கை விட அதிகம் தடவை செய்திருந்தவர் அவர்தான் — நாய்களில்.

1945-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அறுவை பற்றிய கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் ப்ளாலக், டாஸிக். தாமஸின் பெயர் அதில் எங்குமில்லை. அந்த அறுவை இருவர் பெயரால் உலகமெங்கும் அழைக்கப்பட்டது. தாமஸ் சம்பளம் போதாமல் ப்ளாலக் வீட்டு விருந்துகளில் மது ஊற்றிக் கொடுக்கும் வேலையும் செய்தார். பகலில் அவரிடம் தையல் கற்றுக்கொண்ட இளம் டாக்டர்களுக்கு மாலையில் அவர் கோப்பை நிரப்பினார். 1971-ல் அவருடைய படத்தை வரைந்து ஆஸ்பத்திரியில் மாட்டினார்கள். 1976-ல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். 1985-ல் அவர் இறந்தபோது அவருடைய சுயசரிதை அச்சில் இருந்தது. இன்று இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, சினிமாகூட வந்தாயிற்று. அது 'அங்கீகாரம் தாமதமாகக் கிடைத்த மேதை'யின் கதையாக மாற்றப்பட்டுவிட்டதில் எனக்குச் சங்கடம் உண்டு. மேதைக்குப் படம் மாட்டிவிட்டால் வார்டைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

வார்டின் கதை இது. 1946-ல் ஹில்-பர்ட்டன் சட்டம் என்று ஒன்று வந்தது. நாடெங்கும் ஆஸ்பத்திரி கட்ட மத்திய அரசு பணம் கொடுத்தது. 'தனித்தனியாக, ஆனால் சமமாக' வசதி செய்தால் போதும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. வரிப்பணத்தில், சட்டப்படி, பிரித்துக் கட்டினார்கள். வட கரோலினாவின் க்ரீன்ஸ்பரோவில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்புப் பல் வைத்தியரும் அவரோடு சேர்ந்த டாக்டர்களும் நோயாளிகளும் இதை எதிர்த்து வழக்குப் போட்டு 1963-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 1964-ல் குடியுரிமைச் சட்டம். 1966-ல் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு ஆரம்பமானபோது, நிறம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் பணமில்லை என்று அரசு சொல்லிவிட்டது. தர்ம நியாயங்களுக்கு மசியாத ஆயிரக்கணக்கான ஆஸ்பத்திரிகள் சில மாதங்களில் மனம் மாறின. டக்கர் ரிச்மண்டில் விழுந்தது இதற்கு இரண்டு வருஷம் கழித்து.

கதவு திறந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் சுவாரஸ்யமான பகுதி. பலகை போய்விட்டது. 'கறுப்பர்களுக்கு' என்று எழுதிய வாசல் இல்லை. ஆகவே எந்த ஒரு நோயாளியைக் காட்டியும் இவருக்கு நிறத்தினால் வைத்தியம் மறுக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். 1980-களில் எண்ண ஆரம்பித்தார்கள். மாஸசூஸெட்ஸ் மாநில ஆஸ்பத்திரிகளின் 1985-ம் வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1989-ல் வந்தது. இதய நோயோடு வந்தவர்களில் வெள்ளையருக்கு ஆஞ்சியோகிராமும் பைபாஸும் கூடுதலாக நடந்திருந்தன. காசில்லாததுதான் காரணம் என்றார்கள். 1993-ல் முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு ஆஸ்பத்திரிகளின் கணக்கு வந்தது. அங்கே நோயாளியின் காசு பெரிதாகக் குறுக்கே நிற்பதில்லை. அங்கேயும் வித்தியாசம் இருந்தது. நோயின் கடுமை வேறாக இருக்கும் என்றார்கள். 1997-ல் ட்யூக் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் 12,402 நோயாளிகளின் கணக்கு. நோயின் கடுமையை ஈடுகட்டிப் பார்த்தும் கறுப்பருக்கு பைபாஸ் 32 சதவிகிதம் குறைவு. அறுவை செய்தால் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயுள் கூடும் என்று கணக்கிடக் கூடியவர்களை மட்டும் தனியே எடுத்தால், வெள்ளையரில் 61 சதவிகிதம் பேருக்கு அறுவை நடந்தது, கறுப்பரில் 42 சதவிகிதம் பேருக்கு. ஒவ்வொரு காரணமாக எடுத்து அகற்ற அகற்ற, வித்தியாசம் சுருங்கியதே தவிர மறையவில்லை. நோயாளிகளே அறுவை வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள் என்பது அடுத்த பதில். ப்ரூஸ் டக்கரின் ஊர்க்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக் கத்தியை நம்ப மறுத்திருந்தால் அதை அறியாமை என்று எழுதிவிட முடியுமா என்பது வேறு கேள்வி.

இந்த வரிசையில் பெரும் சத்தம் எழுப்பியது 1999 பிப்ரவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிஸின்' இதழில் வந்த ஆய்வு. கெவின் ஷுல்மன் என்பவரும் கூட்டாளிகளும் செய்தது. எட்டு நடிகர்கள், கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண். ஒரே மாதிரி அங்கி. ஒரே வசனம். மார்புவலியை ஒரே சொற்களில் சொல்லி வீடியோவில் பதிவு செய்தார்கள். டாக்டர்களின் இரண்டு மாநாடுகளில் 720 பேரைப் பிடித்து, ஆளுக்கு ஒரு நோயாளியைக் காட்டி, பரிசோதனை முடிவுகளையும் கொடுத்து, இவரை ஆஞ்சியோகிராமுக்கு அனுப்புவீர்களா என்று கேட்டார்கள். நாடகம் என்று பார்த்தால் இவ்வளவு அப்பட்டமான பிரதி எந்த மேடையிலும் ஏறியதில்லை. வசனம் மாறாது, நடிப்பு மாறாது, தோல் மட்டும் மாறும்.

முடிவை எல்லாப் பத்திரிகைகளும் போட்டன: கறுப்பரையும் பெண்களையும் டாக்டர்கள் 40 சதவிகிதம் குறைவாக அனுப்புகிறார்கள். தொலைக்காட்சியில் பேசினார்கள். அது தவறு. அதே இதழில் ஜூலை மாதம் மூன்று பேர் எழுதி அதைக் காட்டினார்கள். வெள்ளையரில் அனுப்பப்பட்டவர்கள் 90.6 சதவிகிதம், கறுப்பரில் 84.7. இதில் நாற்பது எங்கே இருக்கிறது? ஆய்வாளர்கள் சதவிகிதத்தை ஒப்பிடவில்லை. அனுப்பப்படாத ஒருவருக்கு அனுப்பப்பட்டவர் எத்தனை பேர் என்ற விகிதத்தை ஒப்பிட்டார்கள். வெள்ளையரில் அது ஒன்பதரைக்குச் சற்று மேல், கறுப்பரில் ஐந்தரை. ஐந்தரையை ஒன்பதரையால் வகுத்தால் 0.6 பக்கம் வரும். புள்ளியியல்காரர்களுக்குப் பழக்கமான கணக்கு, பத்திரிகைக்காரர்களிடம் போனதும் 'நாற்பது சதவிகிதம் குறைவு' ஆகிவிட்டது. நேராக ஒப்பிட்டால் ஏழு சதவிகிதம் குறைவு. இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. வெள்ளை ஆண், வெள்ளைப் பெண், கறுப்பு ஆண் மூன்று தரப்பும் 90.6-ல் நின்றார்கள். கறுப்புப் பெண்கள் மட்டும் 78.8. ஆக வித்தியாசம் முழுக்க ஒரே கூட்டத்தின் தலையில் இறங்கியிருந்தது. 'கறுப்பர்', 'பெண்கள்' என்ற இரண்டு பெரிய வார்த்தைகளும் சேர்ந்து கறுப்புப் பெண்ணை மறைத்துவிட்டன.

இந்தப் பிழையைக் கையில் எடுத்துக்கொண்டு, இனப் பாகுபாடு என்பதே புள்ளிவிவரப் பொய் என்று பேச ஒரு கூட்டம் கிளம்பியது. நல்ல காரியத்துக்காக எண்ணைக் கொஞ்சம் ஊதினால் என்ன என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏழு சதவிகிதம் சின்ன விஷயமா? மாநாட்டுக்கு வந்த, யாரோ தம்மைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்த, அவசரமில்லாமல் ஒரே ஒரு நோயாளியைப் பார்த்த டாக்டர்கள் இவர்கள். இரவு மூன்று மணிக்கு அவசர சிகிச்சை வார்டில் இருப்பவரின் நிலைமை வேறு. 2002-ல் அமெரிக்க விஞ்ஞான அகாதமியின் மருத்துவக் கழகம் அதுவரை வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. வருமானமும் காப்பீடும் சமமாக இருந்தாலும் வைத்தியம் சமமாக இல்லை என்று அது ஒப்புக்கொண்டது. அமெரிக்க மருத்துவச் சங்கம், கறுப்பு டாக்டர்களைப் பல தலைமுறைகள் விலக்கி வைத்ததற்காக மன்னிப்புக் கேட்டது அதற்கும் ஆறு வருஷம் கழித்து, 2008-ல்.

இனி அந்தப் பக்கத்துக் கதை. வாசலில் இருக்கும் காரணத்தை உடம்புக்குள் தேடுகிற பழக்கம் அமெரிக்க வைத்தியத்தில் மிகப் பழையது. 1851-ல் லூசியானாவின் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர், அடிமைகள் தப்பி ஓடுவதை ஒரு வியாதி என்று வகைப்படுத்தி, கிரேக்கத்தில் அதற்கு ஒரு பெயரும் வைத்தார். இதய விஷயத்தில் இந்தப் பழக்கம் இரண்டு எதிரெதிர் வடிவங்களை எடுத்தது. 20-ம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு என்பது மூளையால் உழைக்கும், பொறுப்புகள் அழுத்தும், நாகரிகமடைந்த வெள்ளையரின் நோய். கறுப்பருக்கு அது அபூர்வம். ஏன் அபூர்வம் என்றால், மாரடைப்பு என்று எழுதித் தரும் வைத்தியரிடம் அவர்கள் போய்ச் சேர்வதே அபூர்வம். 1948-ல் மாஸசூஸெட்ஸின் ஃப்ரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 5,209 பேரை வைத்துத் தொடங்கிய ஆய்விலிருந்துதான் கொழுப்பு, புகை, ரத்த அழுத்தம் என்று இன்று நாம் எல்லோரும் ஒப்பிக்கிற ஆபத்துப் பட்டியல் வந்தது. அந்த ஊரார் ஏறக்குறைய முழுக்க வெள்ளையர். கறுப்பரை மட்டும் வைத்து மிஸிஸிப்பி மாநிலத்து ஜாக்ஸனில் அதே அளவில் ஓர் ஆய்வு தொடங்க 2000-ம் வருஷம் ஆயிற்று.

பிறகு பல்லவி மாறியது. கறுப்பருக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்பது தெரிந்ததும் அதற்கும் உடம்பிலேயே காரணம் கண்டுபிடித்தார்கள். 1990 வாக்கில் பிரபலமான ஒரு கொள்கையின்படி, அடிமைக் கப்பலில் வியர்வையிலும் பேதியிலும் வாந்தியிலும் உப்பை இழந்தவர்கள் செத்தார்கள். உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உடம்புக்காரர்கள் பிழைத்தார்கள். அவர்கள் சந்ததிக்கு உப்பு தங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. கேட்பதற்கு ஓர் இதிகாசம் மாதிரி இருக்கிறது. அதுதான் அதன் பலம். அடிமை வியாபாரத்தின் சரித்திரத்தை ஆயுள் முழுக்க ஆராய்ந்த ஃபிலிப் கர்ட்டின் 1992-ல் ஆதாரம் ஆதாரமாக இதைப் பிரித்துப் போட்டார். கப்பல் ஆவணங்கள் இந்தக் கதைக்கு இடம் தரவில்லை. 1997-ல் ரிச்சர்ட் கூப்பரும் கூட்டாளிகளும் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரை மூன்று பிரதேசங்களில் வைத்து அளந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் ரத்த அழுத்தக்காரர்கள் 16 சதவிகிதம், கரீபியத் தீவுகளில் 26, அமெரிக்காவில் 33. கடலைத் தாண்டத் தாண்ட ஏறுகிறது. உடம்பு அதே வம்சத்து உடம்புதான். எடையும் உப்பும் வாழ்க்கையும் மாறியிருக்கின்றன. பின்னால் ஐரோப்பியரையும் சேர்த்து அளந்தபோது ஜெர்மானியர்கள் அமெரிக்கக் கறுப்பரையும் மிஞ்சிவிட்டார்கள். ஜெர்மானிய ரத்த அழுத்தத்துக்குக் கப்பல் கதை எதையும் யாரும் எழுதவில்லை.

எனக்கு ரத்த அழுத்தம் கண்டபோது டாக்டர் சொன்னார்: "நம்ம ஊர்க்காரங்க உடம்புவாகே அப்படித்தான் சார், ரத்தத்துலேயே இருக்கு." நான் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தபடி வேலை பார்க்கிறேன், எப்போது தூங்குகிறேன் என்று அவர் கேட்கவில்லை. இந்தப் பதிலில் ஒரு சுகம் இருக்கிறது. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அத்துடன் வேலை முடிந்துவிடுகிறது.

2005 ஜூன் 23-ந் தேதி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பைடில் என்ற மாத்திரைக்கு அனுமதி தந்தது. இதயம் பம்ப் செய்யும் வலு குறைந்து, மூச்சிரைத்து, கால் வீங்கும் நோயாளிகளுக்கானது. லேபிளில் 'கறுப்பர்களுக்கு' என்று குறிப்பிட்டு அந்த நாட்டில் அனுமதி பெற்ற முதல் மருந்து. பலகை மறைந்து நாற்பது வருஷம் கழித்து மருந்துப் புட்டியில் அது திரும்பி வந்தது. உள்ளே புது மருந்து எதுவுமில்லை. ஹைட்ரலஸீன், ஐசோசார்பைடு டைநைட்ரேட் என்ற இரண்டு பழைய, மலிவான மருந்துகளின் கூட்டு. 1980-களில் முன்னாள் ராணுவத்தினர் 642 பேரிடம் இந்தக் கூட்டைச் சோதித்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் கலந்துதான் அந்தச் சோதனை. அதை நடத்திய மினஸோட்டாவின் ஜே கோன் இந்தச் சிகிச்சைக்குக் காப்புரிமை பெற்றார். அது 2007-ல் காலாவதி. அப்போது அந்தக் காப்புரிமையில் இனம் என்ற பேச்சே இல்லை. 1997-ல் நிர்வாகம் மருந்தை நிராகரித்தது. பழைய சோதனை, அனுமதிக்கு வேண்டிய திடமான புள்ளியியல் கட்டுமானத்தோடு நடத்தப்படவில்லை என்று காரணம். அதன் பிறகு பழைய கணக்குகளை மறுபடி எடுத்து நிறவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். கூட்டு மருந்தைச் சாப்பிட்ட கறுப்பர் 49 பேர். அவர்களிடம் நன்றாக வேலை செய்தமாதிரி தெரிந்தது. கறுப்பருக்கு இந்த மருந்தைக் கொடுப்பது என்ற முறைக்குப் புதுக் காப்புரிமை கேட்டு 2002-ல் பெற்றார்கள். ஆயுள் 2020 வரை நீண்டது. நிறம் வியாபாரத்துக்குப் பதின்மூன்று வருஷம் வாங்கிக் கொடுத்தது.

நைட்ரோமெட் என்ற கம்பெனி, தங்களைக் கறுப்பர் என்று சொல்லிக்கொண்ட 1,050 நோயாளிகளிடம் 2001-ல் புதிய சோதனையைத் தொடங்கியது. வழக்கமான வைத்தியத்தோடு வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் 10.2 சதவிகிதம், பைடில் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 6.2. மாவு மாத்திரையைத் தொடர்ந்து கொடுப்பது அநியாயம் என்று 2004-ல் சோதனையை நடுவிலேயே நிறுத்தினார்கள். மருந்து வேலை செய்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சோதனையில் ஒரு வெள்ளையர்கூடக் கிடையாது. கறுப்பரிடம் வேலை செய்கிறது என்பது நிரூபணமாயிற்று. கறுப்பரிடம் மட்டும்தான் வேலை செய்யும் என்பது சோதிக்கப்படவே இல்லை. வெள்ளையரை மட்டும் சோதித்த மருந்துகள் எத்தனையோ உண்டு. அவற்றின் லேபிளில் 'வெள்ளையர்களுக்கு' என்று ஒருநாளும் அச்சடித்ததில்லை. வெள்ளை உடம்பு மனித உடம்பு.

கறுப்பு இதய வைத்தியர்களின் சங்கம் இந்தச் சோதனையில் பங்காளியாக இருந்தது. காங்கிரஸின் கறுப்பு உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். அவர்களை விலைபோனவர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஃப்ரேமிங்ஹாமிலிருந்து விலகி நின்றவர்கள், ட்யூக் கணக்கில் குறைந்துபோனவர்கள், ஒருமுறையாவது தங்களை மையத்தில் வைத்து ஒரு சோதனை நடந்தால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்கள்? நோயாளி ஒருவர் கண்முன் மூச்சிரைத்துக்கொண்டிருக்கும்போது கருத்தியல் பேசுவது சுலபமல்ல. இருந்தும், கொடுக்கப்பட்டது என்ன என்று பார்க்க வேண்டும். மாத்திரை ஒன்றின் விலை அப்போது ஒரு டாலர் எண்பது சென்ட். நாளைக்கு ஆறு வரை சாப்பிட வேண்டும். அதே இரண்டு மருந்துகளும் தனித்தனியாகப் பலமடங்கு மலிவாகக் கிடைத்தன. காப்பீட்டுக் கம்பெனிகள் தயங்கின. டாக்டர்கள் எழுதவில்லை. 2008 ஜனவரியில் கம்பெனி பைடிலை விற்பனை செய்யும் முயற்சியைக் கைவிட்டது. 2022-ம் வருஷத்து இதய வைத்திய வழிகாட்டுக் குறிப்பிலும் கறுப்பருக்கு இந்தக் கூட்டு மருந்து பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. பொருத்தமான நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அதை எழுதித் தருவதில்லை என்று கணக்குகள் சொல்கின்றன. தனி மருந்து கிடைத்தது. அதுவும் கைக்கு வரவில்லை.

அனுமதி கிடைத்த அதே 2005-ல், ஆகஸ்ட் மாதம், முன்பு சொன்ன அதே மருத்துவ இதழ் மூன்று ஆய்வுகளைச் சேர்த்து வெளியிட்டது. 1990-களின் ஆரம்பத்திலிருந்து பத்து வருஷங்களில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையே பெரிய அறுவைகளில் இருந்த இடைவெளி குறைந்ததா என்று ஒன்று பார்த்தது; குறையவில்லை. மாரடைப்புக்குப் பிறகு தரும் வைத்தியத்தை இன்னொன்று பார்த்தது, அங்கேயும் அப்படியே. சாதாரண நடைமுறைகள் சிலவற்றில் மட்டும் இடைவெளி குறுகியிருந்ததை மூன்றாவது காட்டியது. ஜூன் மாதச் செய்தியைப் போட்ட அளவுக்குப் பத்திரிகைகள் இதைப் போடவில்லை. மாத்திரையைப் படமெடுத்துப் போடலாம். செய்யாமல் விட்ட அறுவையைப் படமெடுக்க முடியாது.

நிறத்தை இதயக் கணக்கிலிருந்து எடுக்கும் வேலை இப்போது நடக்கிறது. பத்து வருஷத்துக்குள் மாரடைப்பு வருமா என்று கணிக்கும் 2013-ம் வருஷத்துச் சூத்திரம் கறுப்பரா, வெள்ளையரா என்று கேட்டது. அமெரிக்க இதயச் சங்கம் 2023-ல் வெளியிட்ட புதுச் சூத்திரம் கேட்கவில்லை. ஆனால் எல்லாச் சூத்திரமும் ஒரே நாளில் மாறுவதில்லை. இதய வலுக் குறைவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் அங்கேயே இறந்துபோகும் அபாயம் எவ்வளவு என்று மதிப்பெண் போட அதே சங்கத்தின் அட்டவணை ஒன்று உண்டு. வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் யூரியா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டுத்தொகை ஏற ஏற அபாயம் ஏறும். அதில் ஒரு வரி இருந்தது: நோயாளி கறுப்பரல்லாதவர் என்றால் 3 கூட்டிக்கொள்க. ஏன் என்ற விளக்கம் கூட இல்லாமல் அது உட்கார்ந்திருந்ததை 2020-ல் மூன்று டாக்டர்கள் எழுதிக் காட்டினார்கள். ஒரே வயது, ஒரே நாடி, ஒரே யூரியா உள்ள இரண்டு பேரில் கறுப்பர் 3 மதிப்பெண் குறைந்து, அபாயம் குறைந்தவராகிவிட்டார். அபாயம் குறைந்தவரை அவசரமாகப் பார்க்க வேண்டியதில்லை.

அதற்கு முந்தைய வருஷம், 2019-ல், பாஸ்டன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பத்து வருஷ ரிக்கார்டுகளை அங்கே வேலை செய்யும் இளம் டாக்டர்களே எடுத்து எண்ணிப் பார்த்திருந்தார்கள். இதய வலுக் குறைவோடு அவசர வார்டுக்கு வந்தவர்களில் யார் இதயப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார்கள், யார் பொது வார்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பது கேள்வி. கறுப்பரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் பொது வார்டில் அதிகம் இருந்தார்கள். இதயப் பிரிவில் படுத்தவர்கள் முப்பது நாளுக்குள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவது குறைவாக இருந்தது. இரண்டு வார்டுகளின் வாசலிலும் பலகை எதுவுமில்லை.